உடைமையற்றோர்க்கு உயில் எதற்கு?

'உயில்' என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் எழுவது ஒரு பெரிய மாளிகை. அதனுள் மரணப் படுக்கையில் ஒரு செல்வர். சூழ நிற்கும் சுற்றத்தார். கையில் காகிதக் கட்டுடன் ஒரு வழக்கறிஞர். திரைப்படங்கள் இக்காட்சியை நமக்குப் பன்முறை காட்டிவிட்டன. ஆதலின், தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் உழைத்துண்ணும் ஒருவரை அணுகி, "ஐயா, உமக்குப்பின் உமது பொருள் யாரைச் சேரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீரா?" என்று வினவினால் அவர் சிரிக்கிறார். "எழுதி வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது, கிராணியாரே?" என்பதே விடை. அவ்விடையில் அடக்கம் இருக்கிறது. ஆனால் அது உண்மையன்று என்பதையும், அவ்வாறு கூறிவிட்டு வாளாவிருப்பது அறமாகுமா என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

பேரேடும் படிவமுமே வாழ்க்கையாகிவிட்ட நம் போன்றோர்க்குத் தொழிலாளியின் உடைமை இன்னதென்பது ஓரளவு தெரியும். 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தோன்றிய காலந்தொட்டு, சம்பளத்தில் பிடித்த காசும் நிர்வாகம் கட்டிய காசும் அவர் பெயரிலேயே சேர்ந்து வந்திருக்கின்றன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தி அதில் பங்குதாரர் ஆயினர். அந்தப் பங்கின் காகிதம் இன்றும் எத்தனையோ வீடுகளில் பழைய இரும்புப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. வாங்கியவர் மறைந்து இரண்டு தலைமுறை ஆகியும் பெயர் மாற்றப்படவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்களில் லயத்தை விட்டு வெளியேறியவர்கள் வாங்கிய மலிவு விலை வீடு ஒன்றுண்டு. மனைவியின் கழுத்தில் ஐந்தாறு பவுன் உண்டு. வங்கிக் கணக்கில் கிடக்கும் சிறு தொகையுண்டு. அதனை நெடுங்காலம் யாரும் தொடாவிடின், 1965-ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டத்தின்படி அது அரசாங்கக் கணக்குக்குப் போய்ச் சேரும். இவ்வளவும் இருக்கையில், ஒன்றும் இல்லை என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

எழுதாமல் இறந்தால் பொருள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. நாம் எழுதாத உயிலைச் சட்டம் நமக்காக எழுதுகிறது. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்கு அது 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம். அதன்படி, மனைவி, மக்கள், பெற்றோர் மூவரும் இருப்பின் மனைவிக்குக் கால் பங்கு, மக்களுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையாயின் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. மக்கள் இல்லாது மனைவியும் பெற்றோரும் மட்டும் இருந்தால் இருசாராருக்கும் பாதி பாதி. சிங்கப்பூரிலோ 1967-ஆம் ஆண்டின் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மக்களுக்குப் பாதி; மக்கள் இருக்குமிடத்து பெற்றோருக்கு ஒன்றுமில்லை. ஜொகூர்ப் பாலத்துக்கு இப்பால் தாய்க்குப் பங்கு உண்டு, அப்பால் இல்லை. ஒரே சாதிச் சனம், ஒரே விதமான குடும்பம். ஆயினும் கிழத்தாயின் உரிமை பாலத்தின் எந்தக் கரையில் மகன் நிலைக்குடியாக வாழ்ந்தான் என்பதையும் அவன் பொருள் எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்து மாறிவிடுகிறது. சட்டத்தைக் குறைகூற இதனை எடுத்துரைத்தோம் அல்லோம். முன்பின் அறியாத குடும்பத்துக்குச் சட்டம் இதற்குமேல் என்ன செய்ய இயலும்? அது உறவைத்தான் எண்ணும். யார் யாருக்காக உழைத்தார், யாருக்கு யாரை விட்டால் கதியில்லை என்பதை அது அறியாது. அறிந்தவர் நாம், நாமே வாய் திறக்கவில்லை.

ஒரு மலிவு விலை வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று சிறு அறை, ஒரு அடுக்களை. பட்டா தந்தையின் பெயரில் இருக்கிறது. மாதத் தவணையைத் தந்தை சில ஆண்டு கட்டினார். அவருக்கு உடல் தளர்ந்தபின் மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போன மூத்த மகள் கட்டினாள். அவளுக்குத் திருமணம் தள்ளிப் போயிற்று. தம்பியர் இருவர் மணமாகிப் பட்டணம் போயினர். இளைய மகள் வேறு மாநிலத்தில் வாழ்கிறாள். தந்தை எழுதாமல் இறக்கிறார். தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு என்கிறது சட்டம். அந்த மூன்றில் ஒன்று எந்த அறை? எஞ்சிய மூன்றில் இரண்டு நான்கு மக்களுக்கும் சமம். தவணை கட்டியவளுக்கும் கட்டாதவர்க்கும் ஒரே அளவு. அவள் தன் சம்பளத்தில் கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது தந்தையின் பெயரில் இருக்கிறது. நீதிமன்றம் சென்று அதனை மெய்ப்பிக்க அவளுக்குப் பணமும் இல்லை. உடன்பிறந்தாரை எதிர்த்து வழக்காட மனமும் இல்லை. ஆறு மாதம் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். பின்னர் ஒரு தம்பிக்குக் கடன் நெருக்குகிறது; அவன் கெட்டவன் அல்லன், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "வீட்டை விற்றுப் பங்கைக் கொடுங்கள்" என்கிறான். அந்த ஒரு சொல்லோடு குடும்பம் இரண்டாகிறது. தந்தை எழுதியிருந்தால், "என் மனைவி உயிரோடிருக்கும் வரை அவ்வீட்டில் இருக்கட்டும், அவளுக்குப்பின் தவணை கட்டிய மகளுக்கு இவ்வளவு, மற்றவர்க்கு இவ்வளவு" என்று நாலே வரி போதும்.

இத்தகைய வீடுகளில் பெயர்மாற்றம் செய்யாமலே காலங் கடத்துவது நம்மவரிடையே பெரும்பான்மையான வழக்கமாக இருப்பதைக் காண்கிறோம். உயிலின்றி இறந்தவரின் பொருளில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு சட்டம் விதித்த எல்லைக்குட்பட்டால், 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே விசாரித்து முடித்துக்கொள்ளலாம். உயர்நீதிமன்றம் போக வேண்டுவதில்லை. இருபது லட்சம் வெள்ளியாக இருந்த அவ்வெல்லை 2024-இல் ஐம்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. நம் தொழிலாளர் வீடு எதுவும் அதைத் தாண்டாது. எனினும் போவாரில்லை. பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்க, அவர் மக்களும் இறந்து, பேரர் பேத்தியர் முப்பது பேர் ஆனபின் ஒருவர் படிவம் தேடி அலுவலகம் வருகிறார். அம்முப்பதின்மரில் சிலர் எங்கிருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை.

நிற்க. சட்டத்தின் கண்ணுக்கே புலப்படாதவர் சிலர் நம் வீடுகளில் உண்டு. அவர்களை எண்ணும்போதுதான் இவ்வினா வெறும் பணக்கணக்கினின்று அறக்கணக்காக மாறுகிறது. எடுத்து வளர்த்த பிள்ளைகளை முதற்கண் கூறுவோம். தாயிழந்த குழந்தையைப் பக்கத்து வீட்டம்மாள் எடுத்து வளர்த்தல் லயங்களில் இயல்பாக நடந்த காரியம். அதற்கு யாரும் காகிதம் கேட்டதில்லை. 'அப்பா' என்று அழைத்தது ஒன்றே போதுமாயிருந்தது. இந்நாட்டில் 1952-இலேயே இதற்கு இரு சட்டங்கள் வந்தன. நீதிமன்ற ஆணை பெற்றுச் சுவீகாரம் செய்துகொண்டால் அப்பிள்ளை பெற்ற பிள்ளைக்கு ஒப்பாகப் பங்கு பெறும். பதிவிலாகாவில் வளர்ப்புப் பிள்ளையென்று பதிந்து வைத்தல் மற்றொன்று. வளர்க்கும் உரிமையை அது தரும், வாரிசுரிமையைத் தராது. இவ்விரண்டும் ஒன்றே என்று நம்பியிருப்போர் பலர். ஒன்றும் பதியாதோர் அதனினும் பலர். வளர்த்தவர் எழுதாமல் இறந்தால், இருபது ஆண்டு எட்டிப் பாராத அண்ணன் மகன் பங்குக்கு வந்து நிற்பான். கடைசி நாளில் மலசலம் எடுத்துத் துடைத்த பெண் வெளியே நிற்பாள்.

மற்றொருவர், பதிவு செய்யாத மனைவி. 1976-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி ஊருக்கு விருந்தும் வைத்துவிட்டுப் பதிவை 'நாளைக்குப் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு வாழ்ந்தவள் கணவன் இறந்த மறுநாள், தான் மனைவி என்பதையே சான்று காட்டி நிறுவவேண்டிய நிலைக்கு ஆளாகிறாள். அவள் மக்களுக்கும் அதே இழுக்கு. உயிலில் யார் பெயரையும் எழுதலாம். அதற்குத் திருமணச் சான்றிதழும் வேண்டாம், பிறப்புப் பத்திரமும் வேண்டாம். சட்டம் காணாதவரைக் காணும்படி செய்யும் வல்லமை ஏழையின் கையிலிருக்கும் இந்த ஒரு காகிதத்துக்கு உண்டு.

இனி ஆண் பெண் பங்குக்கு வருவோம். கொள்ளி வைப்பவனுக்கே வீடு என்பது நம்மவர் பேச்சு. நெருப்பு வைப்பதற்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விடை சொல்வாரில்லை. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்தில் சமவுரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் முடிவிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்து நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பேசினார். தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் 1989-இலும், இந்தியா முழுமைக்கும் 2005-இலும் வந்தது. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் மகன் மகள் என்ற வேற்றுமையே பாராட்டவில்லை. அப்படியாயின், எழுதாமல் விடுவதே பெண்ணுக்கு நன்மையன்றோ என்று அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். கூர்மையான கேள்வி. உண்மையில், உயில் எழுதும் சிலர் மகளை நீக்குவதற்கென்றே எழுதுகிறார்கள். "அவளுக்குத்தான் கல்யாணத்தில் செய்தாயிற்றே" என்பது அவர்கள் வாதம். அண்ணன் தம்பிக்குச் செய்த கல்யாணச் செலவை மட்டும் யாரும் கழிப்பதில்லை! ஆனால் எழுதாத வீடுகளிலும் மகளுக்குப் பங்கு கிட்டுகிறதா? நில அலுவலகத்து விசாரணை நாளில், "நீ விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடு, பிறந்த வீட்டு உறவு உனக்கு வேண்டுமல்லவா?" என்ற சொல் போதும், அவள் கையெழுத்திட்டு விடுகிறாள். சட்டம் கொடுத்ததைப் பாசத்தின் பெயரால் பிடுங்கிக்கொள்கிறார்கள். "இது நான் அறிந்து என் மகளுக்குக் கொடுத்தது" என்று தந்தையின் கைப்பட ஒரு வரி இருந்தால், அப்பெண்ணைப் பார்த்து 'விட்டுக்கொடு' என்று சொல்ல நாக்கு எழுவது அரிது.

சரி, பங்கு சமமாகத்தான் இருக்கவேண்டுமா? நம் பொருளை நம் விருப்பம்போல் ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் கொடுக்க நமக்கு உரிமையுண்டா? அதிலும், இறந்துபோன ஒருவரின் விருப்பம் உயிரோடிருப்பவர்களை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? இது பழைய கேள்வி. நாம் சம்பாதித்தது நம்முடையதே என்பது ஒரு கட்சி. மண்ணுக்குள் போனவனுக்கு உரிமை ஏது என்பது மறுகட்சி. இந்நாட்டுச் சட்டம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டிருக்கிறது. முஸ்லிம் அல்லாதார் உயிலில் யாருக்கும் எவ்வளவும் எழுதலாம். எனினும் 1971-ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்புச் சட்டப்படி, மனைவியோ கணவரோ, மணமாகாத மகளோ, வயது வராத மகனோ, உடற்குறையோ மனக்குறையோ உற்றுத் தன்னைத்தான் காத்துக்கொள்ள இயலாத பிள்ளையோ, தமக்குத் தக்க ஏற்பாடு செய்யப்படவில்லையென்று நீதிமன்றத்தை அணுகலாம். உன் பொருள் உன்னுடையதே. ஆனால் உன்னை நம்பியிருந்தவரைத் தெருவில் விடும் அளவுக்கு அது உன்னுடையதன்று என்பதே இதன் பொருள். எம் கருத்தும் அதுவே. முஸ்லிம் சகோதரர்க்கு அவர்தம் சமயச் சட்டம் பங்குகளை முன்னரே வகுத்து, மூன்றில் ஒரு பகுதியை மட்டும் வாரிசல்லாதார்க்குத் தம் விருப்பப்படி எழுதவிடுகிறது. வேறு வழியில் அவர்களும் இதே எல்லையைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

சமமின்மை எல்லாம் அநீதி என்று நாம் கருதவில்லை. நடக்கவியலாத பிள்ளைக்குக் கூடக் கொடுப்பதும், படிப்பை விட்டு வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைத்த அக்காளுக்குக் கூடக் கொடுப்பதும் நீதியே. பெண் என்பதற்காகக் குறைப்பதும், வேறு சாதியில் மணந்தான் என்ற கோபத்தில் மகனை நீக்குவதும் நீதியல்ல. அது செத்தபின்னும் சினம் தீராதவன் செயல். கூட்டியும் குறைத்தும் எழுதுவோர் காரணத்தை உயிரோடிருக்கும்போதே மக்களை உட்காரவைத்துச் சொல்லிவிடுதல் வேண்டும். சொல்லக் கூச்சமாயிருக்கும் காரணம் எதுவோ, அதனை எழுதவும் கூசவேண்டும்.

இவற்றையெல்லாம் முதுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்பாரும் உளர். இளமையில் செய்ய வேண்டியது ஒன்று. நடுவயதில் செய்ய வேண்டியது மற்றொன்று. பதினெட்டு வயதில் வேலைக்குச் சேரும் பையன் சேமநிதி வாரிசுப் படிவத்தில் தாயின் பெயரை எழுதுகிறான். நல்லதே. பின்னர் அவனுக்கு மணமாகிறது, இரு குழந்தைகள் பிறக்கின்றன, நாற்பது வயதில் சாலையில் மோட்டார் சைக்கிள் மோதி இறக்கிறான். அவன் மாற்றி எழுதும் வரை பழைய பெயரே நிற்கும். முஸ்லிம் அல்லாதாராயின், அப்பெயருக்குரியவருக்கே அப்பணம் சொந்தம். உயிலில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும் சேமநிதியை அது அசைக்காது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியிலோ திருமணம் நடந்தவுடன் பழைய நியமனம் தானே அற்றுப்போகிறது; மணவிலக்கு நடந்தாலோ அற்றுப்போவதில்லை! உயிலும் அத்தகையதே. மணத்துக்குமுன் எழுதிய உயில், அம்மணத்தை எதிர்நோக்கி எழுதியதாக இல்லாவிடின், தாலி கட்டியதும் செல்லாததாகிவிடும். தாய்க்கும் தாரத்துக்கும் நடுவே அப்பையன் யாருக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்பதை வேறு யார் சொல்லக்கூடும்? இருவரும் அவனை நம்பியிருந்தவர்களே. அவன் பிரித்து எழுதியிருந்தால் மாமியாரும் மருமகளும் சாவு வீட்டுத் திண்ணையில் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சிறு குழந்தைகளையுடைய பெற்றோர்க்கோ பொருளைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. இருவரும் ஒருங்கே போய்விட்டால் பிள்ளையை யார் வளர்ப்பது? காப்பாளர் பெயரை உயிலில் எழுதலாம். 1999-இல் திருத்தப்பட்ட காப்பாளர் சட்டம் தாய்க்கும் தந்தைக்கொத்த உரிமையைத் தந்துவிட்டது. குழந்தையைச் சித்தியிடம் விடுவதா, பாட்டியிடம் விடுவதா என்று பிணம் எடுப்பதற்கு முன்பே சண்டை போடும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய இடங்களில் குழந்தையின் பெயரால் வரப்போகும் பணத்தின் மீது ஒரு கண் இருப்பதும் உண்டு.

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற மூட எண்ணத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. எழுதாதவர்களும் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால், "பிள்ளைகளை நம்பாமல் எழுதுவதா?" என்ற கூச்சம் மதிக்கத்தக்கது. அதற்கு எம் விடை இதுதான். பிள்ளைகள் நல்லவர்களாயினும் அவர்களுக்கும் மனைவி, மக்கள், கடன், பசி எல்லாம் உண்டு. இறந்தவர் என்ன நினைத்தார் என்று ஆளுக்கொரு விதமாக ஊகிக்கும் வேலையை அவர்கள் தலையில் வைப்பது அவர்களை நம்புவதாகாது.

முறையும் கடினமானதன்று. தீபகற்பத்தில் பதினெட்டு வயது நிரம்பியவர் எழுதலாம், சிங்கப்பூரில் இருபத்தொன்று. எழுத்தில் இருக்கவேண்டும், இன்ன மொழியில்தான் என்ற விதியில்லை, நீதிமன்றத்துக்குப் போகையில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். முடிவில் எழுதியவர் கையெழுத்திட, சாட்சிகள் இருவர் ஒரே வேளையில் உடனிருந்து பார்த்து, அவர் முன்னிலையிலேயே தாமும் கையெழுத்திட வேண்டும். நம்மவர் தவறும் இடம் சாட்சியில்தான். வீட்டிலிருக்கும் மருமகனையே கூப்பிட்டுச் சாட்சி போடச் சொல்லிவிடுவார்கள். சாட்சிக்கோ, சாட்சியின் மனைவிக்கோ கணவருக்கோ அவ்வுயிலில் எழுதிய பொருள் கிடைக்காது; உயில் செல்லும், அப்பங்கு மட்டும் போய்விடும். மகளுக்கென்று ஆசையாய் எழுதியதை மருமகனின் கையெழுத்து அழித்துவிடும். ஆதலின் பங்கு பெறாத அயலார் இருவரே தக்கவர். மூலப் பத்திரம் எங்கிருக்கிறது என்பதை நம்பகமான ஒருவரிடமேனும் சொல்லி வைத்தல் வேண்டும்; அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்த உயில் எலிக்கே உதவும்.

இதுகாறும் 'தந்தை எழுத வேண்டும்' என்றே பேசி வந்தோம். பெண்களுக்கும் எழுத உடைமை உண்டு என்பதை நம் சமுதாயம் எளிதில் மறந்துவிடுகிறது. கணவனோடு நிரைபிடித்துப் பால்மரம் வெட்டியவள் பெயரிலும் சேமநிதி ஏறியது. அவள் நகை அவளுடையது. 1997 வரை இந்நாட்டுப் பகிர்வுச் சட்டம், மனைவி எழுதாமல் இறந்தால் அவள் பொருள் முழுதும் கணவனுக்கே என்று வைத்திருந்தது. கணவன் எழுதாமல் இறந்தாலோ, மக்கள் இருக்குமிடத்து மனைவிக்கு மூன்றில் ஒன்றே. அவ்வாண்டு வந்த திருத்தம் அவ்வேற்றுமையைப் போக்கிற்று. ஆயினும் பழக்கம் திருந்தவில்லை. கணவனும் மனைவியுமாக அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் அமர்கிறார்கள். "அம்மா, உங்கள் பணத்துக்கு யார் பெயரை எழுதட்டும்?" என்று அவளைக் கேட்கிறோம். "என் பெயரைப் போடுங்கள் கிராணியாரே" என்று கணவனிடமிருந்து விடை வருகிறது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதுகோலை நாம் மேசைமேல் வைத்துவிட்டு, அவளை நோக்கி அதே கேள்வியை மறுபடி கேட்கிறோம்.